டேன்டம் என்ற சொல்லுக்குப் பொருள் எழுதப் போய்

1.

இந்தக் கதை ஆறு வரியில் முடிந்திருக்க வேண்டியது. கதையாகவே இருந்திருக்கக் கூடாது. எனக்கு வந்த வேலை இவ்வளவுதான்: தொழில் இடங்களில் புழங்கும் நூற்றிருபது ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழில் பொருளும், சொல்லுக்கு ஒரு எடுத்துக்காட்டு வாக்கியமும் எழுதிக் கொடுக்க வேண்டும். நூற்றுப் பத்தொன்பது கொடுத்தாயிற்று. பாக்கி ஒன்று. டேன்டம்.

அகராதியின் பதிப்பாசிரியர் திங்கட்கிழமை காலையில் போன் செய்தார்.

"மேடம், ஒரே ஒரு சொல்லு. மூணு வாரமா ஒரே ஒரு சொல்லு. என்னதான் பண்றீங்க?"

"யோசிச்சிட்டிருக்கேன்."

"இதுல யோசிக்க என்ன இருக்கு? இணைன்னு போட்டுட்டுப் போங்களேன்."

இணை என்று போட முடியாது. ஏன் போட முடியாது என்று அவரிடம் சொல்ல ஆரம்பித்தேன். அவருக்கு வேறு போன் வந்துவிட்டது. பாதியில் நின்ற அந்தப் பதிலைத்தான் இப்போது உங்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். மாட்டிக்கொண்டீர்கள்.

(இந்தப் பத்தியைக் கடைசியில் சேர்த்தேன். இந்தப் பிரதியின் ஓரங்களில் வேறொருவர் சிவப்புப் பென்சிலால் எழுதியிருக்கிறார். அந்தக் குறிப்புகளைத் திருத்தாமல், 'பென்சில்' என்று போட்டு அங்கங்கே தட்டச்சு செய்திருக்கிறேன். யார் எழுதியது என்று நான்காம் பகுதியில் சொல்கிறேன். அதற்கு முன்பே உங்களுக்குத் தெரிந்துவிட்டால் அது என் குற்றமில்லை, பென்சிலின் குற்றம்.)

2.

முதலில் சொல். இதில் எனக்கு உண்மையாகவே ஆசை உண்டு, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு வண்டிக்கு இரண்டு குதிரை பூட்டலாம். பக்கத்தில் பக்கத்தில் பூட்டினால் அதற்கு வேறு பெயர். ஒன்றுக்குப் பின்னால் ஒன்றாக, நீளவாக்கில் பூட்டினால் டேன்டம். அங்கிருந்து அந்தச் சொல் சைக்கிளுக்குத் தாவியது: இரண்டு சீட், இரண்டு ஜோடி பெடல், திருப்புவதற்கு ஒரே ஹேண்டில்பார். பின்னால் உட்கார்ந்திருப்பவருக்குப் பாதை தெரியாது, முன்னால் இருப்பவரின் முதுகுதான் தெரியும். முன்னால் இருப்பவருக்கோ பின்னால் இருப்பவர் மிதிக்கிறாரா, சும்மா காலை வைத்திருக்கிறாரா என்று தெரியாது. பிறகு ஆபீஸ்களுக்கு வந்தது. "நீங்க ரெண்டு பேரும் டேன்டமா வொர்க் பண்ணுங்க" என்று மேனேஜர் சொன்னால் ஒற்றுமையாக இருங்கள் என்று அர்த்தம், சண்டை அவர் காதுவரை போய்விட்டது என்றும் அர்த்தம்.

இரண்டு என்பதற்கு நம்மிடம் சொல்லுக்கா பஞ்சம்? செருப்பு ஜோடி. பின்னல் இரட்டை. கோடு இணை. ஆளுக்குத் துணை. எதுவும் தோன்றாவிட்டால் செட். ஆனால் இவை எல்லாவற்றிலும் இரண்டும் தோளோடு தோள் நிற்கிற மாதிரி, திரும்பினால் ஒன்றை ஒன்று பார்த்துக்கொள்கிற மாதிரி ஒரு படம் வருகிறது. ஒன்று மற்றதன் முதுகை மட்டும் பார்த்தபடி நிற்கும் இரண்டுக்கு என்ன சொல்வது? வரிசை என்றால் மூன்றாவது ஆள் வந்து நின்றுவிடுவார். முன்பின் என்றால் முன்பின் தெரியாதவர் நினைவுக்கு வருகிறார்.

(ஓர் உபரித் தகவல். இந்தச் சொல்லின் மூலம் ஒரு பழைய மொழியில் 'ஒருவழியாக, கடைசியில்' என்று பொருள்படுமாம். எவனோ குறும்புக்காரன் அதைக் குதிரைமேல் ஏற்றிவிட்டான் என்கிறார்கள். இதைக் கொண்டுபோய்க் கதையின் முடிவில் செருகச் சொல்லிக் கை துறுதுறுக்கிறது. செருக மாட்டேன்.)

(பென்சில்: ஆறு வரின்னு சொன்னே. குதிரைக்கே ரெண்டு பக்கமா?)

பொருள் எழுதுவதில்கூடப் பெரிய சிக்கல் இல்லை. எடுத்துக்காட்டு வாக்கியம்தான் காலை வாரிவிட்டது. 'அந்த இரண்டு கார்களும் டேன்டமாக நிறுத்தப்பட்டிருந்தன' என்று எழுதினேன். நல்ல வாக்கியம். அகராதிக்கு அது போதும். ஆனால் எழுதி முடித்ததும் கேள்வி வந்துவிட்டது: எந்த இரண்டு கார்? யாருடையவை? எதற்காக அப்படி நின்றன? மூன்று வாரமாக அதற்குத்தான் பதில் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

3.

முதல் தொடக்கம்:

'ரொட்டிக்கடைக்காரி காலை ஐந்தே முக்காலுக்குக் கிளம்பியாக வேண்டும். அவளுடைய கார் சுவரோரமாக உள்ளே நிற்கிறது. அதற்கு வெளியே, வழியை அடைத்தபடி, இரண்டாம் மாடி நூலகரின் கார். நூலகர் ஒன்பது மணிக்குத்தான் —'

நிறுத்திவிட்டேன். ஆணும் பெண்ணும் ஒரே கார் நிறுத்துமிடத்தில் என்றால் நீங்கள் என்ன நினைப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். மூன்றாம் பக்கத்தில் மழை பெய்யும், ஒரே குடையில் நிற்பார்கள். ஆளை விடுங்கள்.

ஆனால் ஏற்பாட்டை விளக்கியாக வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் குழம்புவீர்கள். அடுக்குமாடிக் கட்டடங்களின் அடித்தளத்தில் சில இடங்கள் நீளமாக இருக்கும். இரண்டு கார் நிற்கலாம், ஒன்றன்பின் ஒன்றாக. உள்ளே நிற்கும் கார் வெளியே வரவேண்டுமானால் வெளியே நிற்பது நகரவேண்டும். இரண்டும் ஒரே வீட்டுக் கார் என்றால் தொல்லை இல்லை. வேறு வேறு வீடு என்றால், இவர் சாவி அவரிடமும் அவர் சாவி இவரிடமும் ஒவ்வொன்று இருந்தாக வேண்டும். நாளைக்கு யார் முதலில் கிளம்புகிறார் என்று தினமும் மாலையில் தெரிந்தாக வேண்டும். முதலில் கிளம்புகிறவரின் வண்டியை வெளிப்பக்கம் மாற்றி நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் காலையில் மற்றவரின் வண்டியை நகர்த்திவிட்டு எடுக்க வேண்டும். இதுதான் டேன்டம் பார்க்கிங். விற்பவர்கள் விளம்பரத்தில் 'இரண்டு கார் வசதி' என்பார்கள்.

இரண்டாவது தொடக்கம்:

'நூலகர் தன் காரின் கியர் குமிழைப் பார்த்தார். அதில் வெள்ளையாக ஒரு கட்டைவிரல் ரேகை. மாவு. இன்று காலை ரொட்டிக்கடைக்காரி தன் வண்டியை எடுப்பதற்காக இவருடைய வண்டியை நகர்த்தியிருக்கிறாள். அவர் அதைத் துடைக்கப் போனார். பிறகு —'

(பென்சில்: மாவு இல்ல. பிளாஸ்டர்.)

பிறகு துடைக்கவில்லை. ஏன் துடைக்கவில்லை என்று நூலகருக்குத் தெரியவில்லை. அவரைக் குடைந்து குடைந்து கேட்டேன். நூலகர்கள் சுத்தக்காரர்கள்; இவர் துடைத்திருக்க வேண்டும். துடைக்காமல் பதினான்கு மாதமாக அந்த ரேகை உதிர உதிரப் புதிது வருகிறதா என்று பார்க்கிற ஆள் நூலகராக இருக்க முடியாது. அந்த ஆளுக்கு வேறு ஏதோ இருக்கிறது.

பாத்திரத்தை நம்ப முடியவில்லை என்றால் எழுதுகிறவர் பொய் சொல்கிறார் என்று அர்த்தம். சரி.

4.

நூலகர் நான். ரொட்டிக்கடைக்காரி என் தங்கை.

அவள் ரொட்டி சுடுவதில்லை. பல் லேபில் வேலை செய்கிறாள். பல் டாக்டர்கள் அனுப்பும் அச்சில் பிளாஸ்டர் ஊற்றி, காய்ந்ததும் எடுத்து, அதன்மேல் பல் செட் கட்டுவாள். எந்த இடம் இடிக்கிறது, எங்கே தேய்க்க வேண்டும் என்று பிளாஸ்டர் பல்லின்மேல் சிவப்புப் பென்சிலால் குறித்துக்கொள்வாள். (அந்தப் பென்சில்தான் இது. இந்த வரியும் பிறகு சேர்த்தது.) எவ்வளவு கழுவினாலும் நகக்கண்ணில் வெள்ளை இருக்கும். எங்கள் வீட்டில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, பொடிசு என்போம். நாற்பத்தேழு வயதாகிறது, இன்னமும் பொடிசுதான். உயரம் அப்படி.

(பென்சில்: அஞ்சடி. நீதான் தேவையில்லாம வளர்ந்தே.)

பதினோரு வருடத்துக்கு முன் ஒரே கட்டடத்தில் ஆளுக்கொரு வீடு வாங்கினோம். நான் நான்காம் மாடி, தனி ஆள். அவளும் அவள் வீட்டுக்காரரும் முதல் மாடி. விற்பனைக்காரர் சிரித்துக்கொண்டே, "பார்க்கிங் ரெண்டுக்கும் சேர்த்து ஒண்ணுதான் மேடம், 23. அக்கா தங்கச்சிதானே, அட்ஜஸ்ட் பண்ணிக்க மாட்டீங்களா?" என்றார். அட்ஜஸ்ட் பண்ணிக்கொண்டோம். தினமும் சாயங்காலம் அவள் போன் செய்து, "நாளைக்கு எத்தனை மணி?" என்பாள். அந்தக் கேள்வியில் தொடங்கிய பேச்சு லேபில் யார் யாரோடு சண்டை, எந்தக் கிழவர் செட் பொருந்தவில்லை என்று திருப்பி அனுப்பினார், எங்கள் அத்தை யாரைப் பற்றி என்ன சொன்னாள் என்று முக்கால் மணி நேரம் ஓடும்.

என் வண்டியை அவள் நகர்த்தினால் சீட்டை முன்னால் இழுத்துக்கொள்வாள். அப்படியே விட்டுவிட்டுப் போய்விடுவாள். காலையில் அவசரமாக ஏறி உட்கார்ந்தால் என் முட்டி ஸ்டியரிங்கில் போய் இடிக்கும். அங்கிருந்தே போன் போட்டுக் கத்துவேன்: "அடியே, சீட்டைத் தள்ளி வெச்சா உன் கை தேஞ்சா போயிடும்?" அவள் சிரிப்பாள். பத்து வருடத்தில் ஒருநாள்கூடத் தள்ளி வைத்ததில்லை.

பதினான்கு மாதமாக ஒவ்வொரு நாளும் தள்ளி வைக்கிறாள். சீட்டுக்கு அடியில் இருக்கும் தண்டில் நான் எந்தப் பல்லில் நிறுத்தியிருந்தேனோ அதே பல்லில். நகர்த்தும் முன்பே அளந்து வைத்துக்கொள்கிறாளோ என்று சந்தேகம் வரும் அளவுக்குச் சரியாக இருக்கும். முன்பின் தெரியாத ஒருவரின் வண்டியை எடுத்தால் நீங்களும் அப்படித்தான் வைப்பீர்கள். முட்டி இடிக்காத ஒவ்வொரு காலையிலும் எனக்கு அழுகை வரும்.

இப்போது போன் இல்லை. வைப்பரின் அடியில் ஒரு துண்டுச் சீட்டு. அதில் நேரம் மட்டும். 'நாளை 7.10.' நானும் அப்படியே எழுதி வைக்கிறேன். 'நாளை 8.30.' என் தங்கை எனக்குப் பதினான்கு மாதமாக எழுதுவது எண்கள்தான்.

5.

ஏன் பேசவில்லை? நியாயமான கேள்வி. சப்பைக்கட்டு கட்டாமல் சொல்கிறேன்.

ஒருநாள் மாலை, 23-இல், என் காரில் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம். மாடிக்குப் போகச் சோம்பல். அப்போது அவள் தன் வாழ்க்கையில் நடந்த ஒன்றைச் சொன்னாள். அவள் வீட்டுக்காரருக்கும் அவளுக்கும் மட்டும் தெரிந்த ஒன்று. மூன்றாவதாக எனக்கு.

அது என்ன என்று இங்கே எழுத மாட்டேன். ஏற்கனவே ஒருமுறை எழுதிவிட்டேன், தகராறே அதுதான். அவளை டீச்சர் ஆக்கினேன், ஊரை மாற்றினேன், நான் அந்த இடத்திலேயே இல்லாத மாதிரி என்னை நைசாகக் கழற்றிக்கொண்டேன், ஒரு பத்திரிகைக்கு அனுப்பினேன். வந்தது. பாராட்டினார்கள். கடைசி வரியைத்தான் எல்லோரும் எடுத்துச் சொன்னார்கள்: 'அவள் அழவில்லை.'

(பென்சில்: அழுதேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டேன். நீ போன் பாத்துட்டிருந்தே.)

எங்கள் அத்தை படித்துவிட்டு நேரே அவளுக்குப் போன் செய்து, "இது உன் கதைதானேடி?" என்று கேட்டுவிட்டாள். லேபில் யாரோ பத்திரிகையை விரித்து அவள் மேஜையில் வைத்திருந்தார்கள். அவள் அதை எடுத்துக்கொண்டு நான்கு மாடியும் படியேறி வந்தாள். லிஃப்ட் வேலை செய்துகொண்டுதான் இருந்தது. மூச்சு வாங்கியது. கதவைத் திறந்த நான் சிரித்தேன், பாராட்ட வந்திருக்கிறாள் என்று நினைத்து. இதை எழுத வெட்கமாக இருக்கிறது.

"நல்லா எழுதியிருக்கேக்கா," என்றாள். "நிஜமாவே நல்லா இருக்கு. இனிமே எங்கிட்ட பேசாதே."

பத்திரிகையைச் செருப்பு வைக்கும் அலமாரிமேல் வைத்துவிட்டுப் போனாள். பின்னாலேயே ஓடிப்போய், "பேரெல்லாம் மாத்திட்டேனே, யாருக்குத் தெரியப்போகுது?" என்றேன். உலகத்தில் சொல்லியிருக்கக் கூடிய எல்லாவற்றிலும் மோசமானதைத் தேடிப் பிடித்துச் சொல்லியிருக்கிறேன். எழுதுகிறவளாம், சொல் தேர்ந்தெடுப்பவளாம்.

வாசகரே, இப்போது உங்களுக்கு ஒரு சந்தேகம் வந்திருக்க வேண்டும். அதே தங்கையைப் பற்றி அதே அக்கா மறுபடியும் ஒரு கதை எழுதுகிறாளே, இவளுக்குச் சூடு சுரணை இல்லையா? வந்திருந்தால் நல்லது. அந்தச் சந்தேகத்தோடுதான் நானும் ஆறாம் பகுதிக்குப் போகிறேன்.

6.

இந்தத் திங்கட்கிழமை சாயங்காலம் குடியிருப்போர் சங்கச் செக்ரட்டரி வந்தார். நல்ல மனிதர். காதில் பேனா, கையில் ரிஜிஸ்டர், அது இல்லாமல் அவரை நான் பார்த்ததில்லை.

"மேடம், பார்க்கிங் 41 காலியாயிருக்கு. தனி இடம். அடுத்து உங்க டர்ன்தான். இந்த ஃபாரத்துல நீங்களும் தங்கச்சியும் கையெழுத்துப் போட்டுச் சனிக்கிழமை பத்து மணிக்குள்ள குடுத்துடுங்க. யாராவது ஒருத்தர் அங்க போயிடலாம். குடுக்கலேன்னா அடுத்தவங்களுக்குப் போயிடும், அப்புறம் எங்கிட்ட சண்டைக்கு வரக்கூடாது."

அவள்தான் தனி இடம் கேட்டிருக்கிறாள். துண்டுச் சீட்டும் வேண்டாம், என் சாவியும் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டாள். 41 மட்டும் கிடைத்துவிட்டால் அந்த எண்ணைக்கூட அவள் எனக்கு எழுத வேண்டியதில்லை. இந்தக் கட்டடத்தில் நான் அவளுக்கு லிஃப்டில் வரும் ஒரு ஆள்.

இரண்டு நாள் அந்தக் காகிதத்தைச் சுற்றிச் சுற்றி வந்தேன். கையெழுத்துப் போட்டால் போயிற்று, போடாவிட்டால் அவளை நான் பிடித்து வைத்ததாக ஆகும். ஏற்கனவே ஒருமுறை அவளைக் கேட்காமல் அவளை எடுத்துக்கொண்டவள் நான். புதன்கிழமை பொறுக்க முடியாமல் செக்ரட்டரி அறைக்குப் போனேன்.

"தங்கச்சி எப்ப கேட்டா?"

அவர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "என்ன மேடம் நீங்க. நேத்து அவங்க வந்து, அக்கா எப்ப கேட்டாங்கன்னு கேக்கறாங்க. இன்னிக்கு நீங்க வந்து, தங்கச்சி எப்ப கேட்டாங்கறீங்க. ரெண்டு பேரும் சேர்ந்துதான் கேட்டீங்க."

"எப்போ?"

ரிஜிஸ்டரைப் பின்னால் புரட்டினார், இன்னும் பின்னால் புரட்டினார், அலமாரியிலிருந்து வேறொரு ரிஜிஸ்டரை எடுத்தார். பதினோரு வருடத்துக்கு முந்தைய தேதி. தனி இடம் வேண்டிக் காத்திருப்போர் பட்டியல், எண் பத்தொன்பது. பக்கத்தில் ஒட்டியிருந்த விண்ணப்பத்தில் எங்கள் இரண்டு கையெழுத்தும் ஒரே நீல மையில்.

"அங்கேயே சொல்லியிருப்பீங்களே அவகிட்ட, இது பழசுன்னு?"

"அவங்க எங்க நின்னாங்க? கேட்டாங்க, நான் ரிஜிஸ்டர் எடுக்கறதுக்குள்ள போயிட்டாங்க. நீங்களே சொல்லிக்கோங்க மேடம். ரெண்டு வீட்டுக்கு நடுவுல நான் வர்றதில்ல."

அவளுடைய கையெழுத்து கொஞ்சம் மேடும் பள்ளமுமாக இருந்தது. அப்போதுதான் ஞாபகம் வந்தது. குடிவந்த முதல் வாரம். சாமான்கூடப் பிரிக்கவில்லை. கீழே மேஜை கிடையாது. பொடிசு என்னைத் திரும்பி நிற்கச் சொல்லி, என் முதுகில் காகிதத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டாள். "அசையாதேக்கா, கோணுது" என்று முதுகில் குத்தினாள். எங்களுக்கு அன்றைக்கு அந்தத் தனி இடம் ஒரு வேடிக்கை. கேட்டுவிட்டு மறந்தே போனோம். பட்டியல் மறக்கவில்லை.

ஆக, அவள் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. ஆனால் நான் கேட்டேன் என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

இதைச் சொல்லியாக வேண்டும். எப்படி? பேசாதே என்றவள். துண்டுச் சீட்டு எழுதிப் பார்த்தேன். 'நான் கேட்கலை.' எதை? 'அது பழைய லிஸ்ட்.' எது? 'நாளை 8.30. 41 நான் கேட்டது இல்லை, நம்ம ரெண்டு பேரும் —' சீட்டில் இடம் முடிந்துவிட்டது. அகராதிக்காரிக்கு ஆறு வரியும் போதாது, துண்டுச் சீட்டும் போதாது.

முடிவுகளையும் யோசித்தேன். எழுதுகிற புத்தி, விடாது. கையெழுத்துப் போட்டு, நான் 41-க்குப் போய், நிம்மதியாக வண்டி எடுத்து, நிம்மதியாகத் திரும்பி, எந்த எண்ணும் வராமல் வயதாவது ஒன்று. யாரும் போடாமல் விட்டு, 41 மூன்றாம் மாடிக்காரருக்குப் போய், நாங்கள் பல் கொட்டும் வரை சீட்டு எழுதிக்கொண்டிருப்பது இன்னொன்று. உங்களுக்குப் பிடித்தது எது என்றும் தெரியும்: நான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படியில் சரிய, அவள் ஓடிவந்து என்னை வண்டியில் போட்டுக்கொண்டு பறக்க, ஆஸ்பத்திரியில் கையைப் பிடித்துக்கொண்டு — எனக்கும் ஆசைதான். ஆனால் போன மாதம்தான் எல்லா டெஸ்டும் எடுத்தேன். அந்தக் குதிரை மாதிரி இருக்கிறேன்.

(பென்சில்: புளுகு. சுகர் எல்லையைத் தாண்டியாச்சு. ரிப்போர்ட்டை வண்டியிலேயே போட்டு வெச்சிருந்தே. சர்க்கரையை விடு.)

அதனால் இப்படிச் செய்யப்போகிறேன். இதுவரை எழுதியதை ஒரே ஒரு பிரதி எடுத்து, ஃபாரத்தையும் சேர்த்து, என் வண்டியின் டிரைவர் சீட்டில் வைக்கிறேன். நாளை வெள்ளிக்கிழமை காலை அவள் தன் வண்டியை எடுப்பதற்காக என் வண்டியை நகர்த்துவாள், அப்போது கிடைக்கும். கம்ப்யூட்டரில் இருந்ததை அழித்துவிட்டேன். கிழித்துப் போட்டால் இந்தக் கதை கிடையாது, நான் புலம்பவும் மாட்டேன். போன தடவை அவள் கடைசி வாசகி. இந்தத் தடவை முதல் வாசகி.

பொடிசு, ஃபாரத்தில் நான் கையெழுத்துப் போடவில்லை. உனக்கு 41 வேண்டுமானால் சொல், உடனே போடுகிறேன். எனக்கு வேண்டாம். எனக்கு 23 போதும்.

அகராதிக்கு எழுதிய பொருளையும் கீழே வைக்கிறேன், சரிபார்.

டேன்டம்: இரண்டு, ஒன்றன்பின் ஒன்றாக அமைந்திருப்பது, வெளியே நிற்பது நகராமல் உள்ளே நிற்பது வர முடியாத ஏற்பாடு.

(பென்சில்: தப்பு. சாவி ரெண்டு பேர்கிட்டேயும் இருக்கு.)

7.

சனிக்கிழமை காலை. பிரதி திரும்பி வந்துவிட்டது என்பதை நீங்கள் பென்சிலைப் பார்த்தே தெரிந்துகொண்டிருப்பீர்கள். எப்படி வந்தது என்று மட்டும் சொல்கிறேன்.

நேற்று பகல் முழுக்க நான் கீழே போகவில்லை. கோழைத்தனம்தான், வேறென்ன. சாயங்காலம் ஐந்தரைக்குப் போனேன். 23-இல் என் வண்டி உள்ளே, அவள் வண்டி வெளியே. வைப்பரில் சீட்டு இல்லை. பதினான்கு மாதத்தில் முதல் தடவையாகச் சீட்டு இல்லை. சரி, எண்ணும் போயிற்று என்று நினைத்துக்கொண்டு கதவைத் திறந்தேன். கதை பக்கத்து சீட்டில் இருந்தது. அதை எடுப்பதற்காக ஏறி உட்கார்ந்தேன்.

முட்டி ஸ்டியரிங்கில் இடித்தது.

நல்ல இடி. சில்லு பெயர்ந்த மாதிரி வலித்தது. அடியே என்று வாய்விட்டுக் கத்திவிட்டேன். பிறகு அந்த நெருக்கத்திலேயே, ஸ்டியரிங் வயிற்றில் அழுத்த, அடித்தள விளக்கு வெளிச்சத்தில் ஒவ்வொரு ஓரமாகப் படித்தேன். நான் போன் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று அவள் எழுதியிருந்த இடத்தில் நின்றுவிட்டேன். உண்மை. ஒரு பதிப்பாசிரியருக்குப் பதில் தட்டிக்கொண்டிருந்தேன். அவள் எப்படிச் சொன்னாள், குரல் எங்கே உடைந்தது என்று எல்லாவற்றையும் பிறகு நானே ஜோடித்தேன். எல்லோரும் மெச்சிய அந்த வரி, நான் பார்க்காத ஒன்றைப் பற்றி நான் எழுதியது.

ஃபாரம் அந்தக் காகிதங்களோடு இல்லை. கடைசிப் பக்கத்தின் பின்புறம் இது இருந்தது:

(பென்சில்: அந்தக் கதையைப் போட்டிருக்கக் கூடாது. இதை வேணா போட்டுக்கோ. லிஸ்ட் விஷயம் எனக்கும் மறந்தே போச்சு, அன்னிக்கு உன் முதுகு பூரா நீல மை. ஃபாரம் எங்கிட்ட இருக்கு. முடிவை நீ எழுதாதே. நாளைக்கு 9.40. கீழ வா.)

நேற்று மாலையிலிருந்து தட்டச்சு செய்துகொண்டிருக்கிறேன். பதிப்பாசிரியருக்கு அந்தப் பொருளைச் சாவியையும் சேர்த்து அனுப்பிவிட்டேன். "சைக்கிளுக்கு ஏது மேடம் சாவி?" என்று கேட்டு எழுதியிருக்கிறார். கேட்கட்டும்.

மணி 9.33. செக்ரட்டரி பத்து மணிக்கு ரிஜிஸ்டரை மூடுவார். ஃபாரத்தில் அவள் கையெழுத்துப் போட்டிருக்கலாம். கிழித்திருக்கலாம். மறுபடி என்னைத் திரும்பி நிற்கச் சொல்லலாம். கேட்டால் நிற்பேன், அசையாமல். எது நடந்தாலும் உங்களுக்குச் சொல்லப்போவதில்லை. எழுதாதே என்று உத்தரவு. இந்தத் தடவை சொன்ன பேச்சைக் கேட்கிறேன். உங்களுக்கு எது வேண்டுமோ அதை நீங்களே முடிவாக வைத்துக்கொள்ளுங்கள், அவளிடம் மட்டும் கேட்காதீர்கள்.

கிளம்புகிறேன். சீட்டை நான் இன்னும் பின்னால் தள்ளவில்லை. இருக்கட்டும், முட்டி இடிக்க இடிக்கவே ஓட்டிக்கொள்கிறேன்.